உறைமட்டம் எங்கே நிற்கிறது

ஒக்டோபர் பிறந்ததும் கனடாவின் விஸ்லர் ஸ்கீ ஊரில் ஆளாளுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வருசம் ஸ்னோ எப்படி?" ஹோட்டல் நடத்துபவர் டிசெம்பர் அறைகளுக்கு என்ன விலை போடலாம் என்று யோசித்துக் கேட்பார். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சீசன் வேலைக்கென்று வந்த பெடியள், லிப்ட் ஓடத் தொடங்கினால்தான் சம்பளம் என்பதால் கேட்பார்கள். கடையில் பால் வாங்கப் போனாலும் காசு வாங்குகிற பிள்ளை கேட்கும். பனி அடிக்கும் இயந்திரங்களுக்குப் பொறுப்பானவர் மட்டும் வேறு விதமாகக் கேட்பார்: "செவ்வாய் இரவு ஈரக்குமிழ் வெப்பநிலை -2.5க்குக் கீழே எத்தனை மணித்தியாலம் நிற்கும்?" முதல் கேள்வியோடு வருகிறவர்களை இந்த மாதிரியான கேள்விக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மலையில் வானிலை பார்க்கும் என் தொழிலில் பாதி வேலை.

விஸ்லரும் பிளாக்கோமும் பக்கத்துப் பக்கத்து மலைகள். வன்கூவரிலிருந்து வடக்கே கடலோரமாக ஏறும் 99ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். கிராமம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 675 மீற்றர் உயரத்தில். விஸ்லர் சிகரம் 2,184 மீற்றர். இடையில் ஒன்றரைக் கிலோமீற்றர் உயர வித்தியாசம். நவம்பரில் ஒரே தாழமுக்கம், ஒரே மணித்தியாலத்தில், கீழே கார்த் தரிப்பிடத்தில் மழையாகவும் நடுமலையில் சொதசொதத்த ஈரப்பனியாகவும் உச்சியில் நல்ல பனியாகவும் கொட்டும். பசிபிக் சமுத்திரம் பக்கத்திலேயே இருப்பதால் ஈரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. இந்த மலையில் பனி இல்லாத நவம்பர் என்றால் பெரும்பாலும் மழை கொட்டிய நவம்பர் என்றுதான் அர்த்தம். ஆகவே எவ்வளவு விழும் என்று கேட்பதற்கு முன்னால் எந்த உயரத்தில் மழை பனியாகிறது என்று கேட்க வேண்டும்.

காற்றின் வெப்பநிலை பூச்சியமாகும் உயரத்தை நாங்கள் ஃபிரீசிங் லெவல், உறைமட்டம் என்போம். பனித்துகள் அந்த உயரத்தைத் தாண்டிக் கீழே வந்தவுடனே கரைந்துவிடாது. கரைய நேரம் வேண்டும். அதனால் பனி விழும் எல்லை உறைமட்டத்துக்கு 200, 300 மீற்றர் கீழேயே இருக்கும். மழை பலமாகப் பெய்தால் இன்னும் இறங்கும். கரையும் பனி சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுக் குளிர்கிறது. அடுத்து வரும் துகள்கள் இன்னும் கொஞ்சம் கீழே வரை கரையாமல் வருகின்றன. காற்றில்லாத இரவில், ஒடுங்கிய பள்ளத்தாக்கில், மூன்று மணித்தியாலம் கனமழை பெய்த பிறகு திடீரென்று கிராமத்திலேயே பனி கொட்டத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். கணினி மாதிரிகள் இதை அடிக்கடி தவறவிடும். கனடிய அரசின் நுண்மாதிரி 2.5 கிலோமீற்றர்க் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடுகிறது. வன்கூவர் நகரத்துக்கு அது தாராளம். எங்கள் மலைக்கோ ஒரு சில கட்டங்களுக்குள்ளேயே உச்சியும் பள்ளமும் அடங்கிவிடும். மாதிரியின் கணக்கில் சிகரத்தின் தலை வெட்டுப்பட்டு, பள்ளத்தாக்குப் பாதி தூர்ந்து போயிருக்கும். அது தரும் எண்ணை அப்படியே வாசித்துவிட முடியாது. அது எந்த உயரத்தை மலை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவகால முன்னறிவிப்பு என்ற ஒன்றை எல்லோரும் ஒக்டோபரிலேயே கையில் வைத்திருப்பார்கள். எல் நினோ என்றால் பனி குறைவு, லா நினா என்றால் பனி அதிகம் என்பது இங்கே டாக்சி ஓட்டுநருக்கும் தெரிந்த பாடம். அதில் உண்மை இருக்கிறது. பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிட அரைப் பாகைக்கு மேல் சூடாகி அப்படியே நின்றால் எல் நினோ. அதே அளவு குளிர்ந்தால் லா நினா. எல் நினோக் குளிர்காலங்களில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மேலே சூடான காற்று ஏறி வருவது கூடுகிறது. லா நினாவில் வடமேற்கிலிருந்து குளிர் இறங்குவது கூடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் மவுண்ட் பேக்கர் ஸ்கீ மலையில் 1998-99 சீசனில் விழுந்த 1,140 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 மீற்றர் பனி, உலக சாதனை. அது லா நினா ஆண்டு. நான் வளர்ந்த ஊரிலோ கதை வேறு. எல் நினோ ஆண்டுகளில் இலங்கையின் ஐப்பசி, கார்த்திகை மழை கூடும் போக்கு உண்டு. வயலை நம்பியிருந்த எங்கள் குடும்பத்துக்கு நல்ல மழை தந்த அதே கடல்சூடு, இங்கே என் மலையின் அடிவாரத்தை நனைத்துவிட்டுப் போகிறது. சிறுவயதில் நான் பார்த்த வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களுக்கும் இப்போது பார்க்கும் அலாஸ்கா வளைகுடாத் தாழமுக்கங்களுக்கும் பின்னால் ஒரே சமுத்திரத்தின் ஊசலாட்டம் இருக்கிறது என்பது இன்றைக்கும் என்னைச் சிலிர்க்க வைக்கும்.

ஆனாலும் ஒக்டோபரில் வெளியாகும் அந்த வரைபடத்தை வைத்து மலை திறக்கும் நாளைச் சொல்ல நான் மறுத்துவிடுவேன். அது மூன்று மாதச் சராசரியைப் பற்றிப் பேசுகிறது. வழக்கத்தைவிடக் கூட, வழக்கம்போல, வழக்கத்தைவிடக் குறைவு என்று மூன்று பெட்டிகள். எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். நல்ல லா நினா ஆண்டிலும் ஒரு பெட்டி 40, 45 வீதத்துக்கு ஏறும், அவ்வளவுதான். மலை திறப்பதோ நவம்பர் கடைசியில், அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாளை ஒட்டி. அந்த நாளைத் தீர்மானிப்பது நவம்பரில் வரும் இரண்டு மூன்று புயல்கள். சராசரியில் அந்தப் புயல்களின் முகம் தெரியாது.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துச் சொல்வது 2009-10 குளிர்காலம். வன்கூவர் ஒலிம்பிக் நடந்த ஆண்டு, நல்ல எல் நினோ ஆண்டும்கூட. பனி இருக்காது என்று எல்லோரும் கைபிசைந்துகொண்டிருந்தபோது, 2009 நவம்பரில் மட்டும் விஸ்லர் மலையில் 560 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. அந்த மாதத்துக்கு அது சாதனை. அறிவித்த நாளுக்கு முன்னதாகவே மலை திறந்தது. பிறகு ஜனவரி வந்தது. வன்கூவரில் பதிவானவற்றில் மிகச் சூடான ஜனவரிகளில் ஒன்று அது. நகரத்துக்கு மேலே, ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருந்த சைப்ரஸ் மலைப் போட்டித் திடலில் புல்லும் சேறும் தெரிந்தன. வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேடு கட்டி, ஹெலிகொப்டரிலும் லொறிகளிலும் பனி கொண்டுவந்து அதன்மேல் பரப்பினார்கள். லொறிப் பனி மானிங் பூங்காவிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் மேலே மீற்றர்க் கணக்கில் பனி கிடந்தும், போட்டி முடியும் இடமான கிரீக்சைட் தாழ்வில் இருப்பதால் மழையும் இளகிய பனியும் சேர்ந்து ஆண்களுக்கான டவுன்ஹில் பந்தயத்தை பெப்ரவரி 13ஆம் திகதியிலிருந்து 15ஆம் திகதிக்குத் தள்ளின. ஒரே குளிர்காலம், ஒரே எல் நினோ. சாதனைப் பனியும் வெறுந்தரையும் அரைநாள் பயணத் தூரத்துக்குள். வித்தியாசம் உயரத்தில்தான் இருந்தது.

நவம்பரில் பனி கனமாக விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். இறகாய் மிதக்கும் தூள்பனிதானே எல்லோருக்கும் கனவு? அது ஜனவரிக்கு. வெறும் பாறை, வெட்டிய மரக்குற்றி, ஓல்டர்ச் செடி, சிறு ஓடைகள், இவற்றின்மேல் -12 பாகையில் அரை மீற்றர் தூள்பனி விழுந்தால் பார்க்க அழகாக இருக்கும். காலில் ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர் நேரே பாறையில் போய் நிற்பார். முழங்கால் போய்விடும். -1, -2 பாகையில் விழும் ஈரமான, அடர்ந்த பனிதான் பாறை இடுக்குகளை நிரப்பி அமர்ந்து, இயந்திரம் ஏறி மிதித்தால் இறுகி, ஏப்ரல் வரை தாங்கும் அடித்தளமாகும். நடுமலையில் புல் விதைத்துச் சீராக்கிய ஓட்டப்பாதைகளுக்குக் குறைந்த பனியே போதும். மேலே பெரும் பாறைக் குவியல்கள் கிடக்கும் சரிவுகளை மூட அதைப்போல எத்தனையோ மடங்கு வேண்டும். அதனால் "எத்தனை சென்ரிமீற்றர்" என்று மட்டும் சொல்வதில் எனக்குத் திருப்தி இல்லை. அதில் எத்தனை மில்லிமீற்றர் நீர் இருக்கிறது என்றும் சொல்வேன்.

அதை அறியத்தான் விடிவதற்கு முன்னே மலையேறுகிறோம். லிப்ட் இன்னும் ஓடாத நாட்களில் சங்கிலிச் சக்கரம் பூட்டிய ஸ்னோகாட் வண்டியில் போக வேண்டும். விஸ்லரில் எங்கள் அளவைத் திடல்களில் ஒன்று 1,650 மீற்றரில், பிக் அலி என்று அழைக்கும் இடத்தில், காற்றடி குறைந்த மரங்களுக்கு நடுவே இருக்கிறது. தரையில் வெள்ளை வர்ணம் பூசிய பலகை, அதில் நிமிர்ந்து நிற்கும் அளவுகோல். தலைவிளக்கின் வெளிச்சத்தில் கிட்டப் போய்க் குந்தியிருந்து வாசிக்க வேண்டும். நின்றபடி வாசித்தால் கோலைச் சுற்றிப் பனி குழிந்திருப்பது தெரியாது, அளவு தவறும். வாசித்தபின் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பலகை தட்டும்வரை இறக்கி, உள்ளே அகப்பட்ட பனியைக் கொட்டாமல் எடுத்துத் தராசில் தூக்கிப் பார்ப்போம். 18 சென்ரிமீற்றர் பனிக்கு 27 மில்லிமீற்றர் நீர் என்று வந்தால் அடர்த்தி 15 வீதம். நவம்பருக்கு அது பொன்னான எண். அதே 18 சென்ரிமீற்றரில் 9 மில்லிமீற்றர்தான் இருந்தால், இரண்டு நாளில் அமுங்கிப் பாதியாகும் என்று பாதை சீர்செய்யும் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பிறகு கையுறையால் பலகையைத் துடைத்து, புதுப் பனியின் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, அடுத்த வாசிப்புக்கு விட்டுவிட்டு வருவோம். உச்சியில் இருக்கும் காற்றுமானிக்கு வேறு கவனிப்பு வேண்டும். ஈரமேகம் மோதி அதில் வெண்பனிக்கட்டி விரல் தடிப்பில் படிந்துவிடும். காற்று அறுபது கிலோமீற்றரில் அடித்துக்கொண்டிருக்க, கருவி பூச்சியம் காட்டும். ரப்பர்ச் சுத்தியலால் தூணைத் தட்டி உதிர்த்தால்தான் கிண்ணங்கள் மறுபடி சுற்றும். கணினித் திரையில் பூச்சியத்தைக் கண்டால் அதை நம்புவதா, மேலே ஒருவரை அனுப்புவதா என்று முடிவெடுப்பதற்கு அனுபவம் தவிர வேறு வழிகாட்டி கிடையாது.

பனி அடிக்கும் குழுவின் கேள்விக்கு வருகிறேன். இயந்திரம் நீரைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. துளி தரையைத் தொடுமுன் உறைய வேண்டும். உறைவதற்கு அது தன் வெப்பத்தைக் காற்றிடம் விட வேண்டும், கொஞ்சம் ஆவியாகியும் குளிர வேண்டும். காற்று ஏற்கனவே ஈரத்தில் ஊறியிருந்தால் ஆவியாக இடமில்லை. அதனால் சாதாரண வெப்பமானியைவிட ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையே முக்கியம். காற்று 0 பாகை, ஈரப்பதம் 30 வீதம் என்றால் ஈரக்குமிழ் -4 அளவுக்கு இறங்கிவிடும், தாராளமாகப் பனி அடிக்கலாம். காற்று -1, ஈரப்பதம் 95 வீதம் என்றால் வெறும் தண்ணீரைத்தான் மலையில் தெளித்ததாகும். எங்கள் கரையோரத்தில் இந்த இரண்டாவது வகை இரவுகளே அதிகம். கனடாவின் உட்பகுதியில் தேங்கிய வரண்ட குளிர்காற்று பள்ளத்தாக்குகள் வழியாகக் கடலை நோக்கி வடியும்போதுதான் நல்ல இரவு வாய்க்கும். இதை அவுட்ஃப்ளோ என்பார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. உயர் அமுக்கம் வந்து உட்கார்ந்தால் குளிர் பள்ளத்தில் தேங்கும், மேலே சூடேறும். கிராமத்தில் மூடுபனியும் -4 பாகையும் இருக்கும். உச்சியில் வெயிலில் +5 இருக்கும். அந்த இரவில் கீழே உள்ள இயந்திரங்களை மட்டும்தான் ஓட்டலாம். எந்த உயரம்வரை தண்ணீரைத் திறப்பது என்பதை நான் தரும் ஒரு கோடுதான் தீர்மானிக்கிறது. விடிய விடியக் குளிரில் நின்று குழாய் பார்க்கிறவர்களின் உழைப்பு அந்தக் கோட்டில் தங்கியிருக்கிறது. அதனால் அந்த முன்னறிவிப்பைப் போலப் பொறுப்போடு நான் வேறெதையும் எழுதுவதில்லை.

இதையெல்லாம் விழுங்கிவிடக் கூடியது அட்மொஸ்பெரிக் ரிவர் என்கிற வளிமண்டல ஆறு. ஹவாய்ப் பக்கத்திலிருந்து ஈரம் ஒடுங்கிய நீண்ட பட்டையாக வந்து எங்கள் மலைத்தொடரில் மோதும். உறைமட்டம் சிலவேளை 2,500 மீற்றரையும் தாண்டும், உச்சிவரை மழை. 2021 நவம்பர் 14, 15ஆம் திகதிகளில் வந்த ஆறு அபொட்ஸ்ஃபோர்டின் வயல்வெளிகளை மூழ்கடித்தது. மெரிட் நகரத்தையே காலி செய்ய வேண்டியிருந்தது. வன்கூவரை நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைக்கும் தெருக்களும் ரயில் பாதைகளும் அறுந்தன. அப்படியான வாரத்தில் ஸ்கீ சீசன் ஒரு பெரிய விடயமே இல்லை. ஆனால் எந்த நவம்பரிலும் இதன் சிறிய தம்பிகள் வருவார்கள். பத்து நாளுக்கு முன் ஐரோப்பிய வானிலை மையத்தின் 51 கணினி ஓட்டங்களில் பாதி உறைமட்டத்தை 1,200 மீற்றரிலும் மற்றப் பாதி 2,300 மீற்றரிலும் காட்டினால் நான் இரண்டின் சராசரியை எழுதமாட்டேன். 1,750 என்று எழுதினால் எந்த ஓட்டமும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். "ஈரம் நிச்சயம், பனியா மழையா என்று ஞாயிற்றுக்கிழமை தெரியும்" என்று எழுதுவேன். ஞாயிறுவரை பொறுக்கச் சொல்வது யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் பொறுத்துப் பார்த்து முடிவெடுத்த குழுக்கள் வீணாக ஆட்களை மலையேற்றவில்லை.

மழை பெய்து முடிந்தால் கதை முடிவதில்லை. நனைந்த பனிமேல் குளிர் வந்து இறுகினால் கண்ணாடித் தகடாகும். அதன்மேல் மெல்லிய புதுப்பனி விழுந்து, தெளிந்த குளிர் இரவுகள் தொடர்ந்தால், பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு பாகைக்கு மேல் வெப்ப வித்தியாசம் உண்டாகி, நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, துகள்கள் கோணம் கோணமாக வளரும். கையில் அள்ளினால் பருமனான சீனியாய் உதிரும், ஒன்றோடொன்று ஒட்டாது. டிசெம்பரில் அதன்மேல் ஒரு மீற்றர் பனி ஏறும்போது முழுச்சரிவும் அந்தத் தகட்டின்மேல் வழுக்கலாம். மேற்குக் கனடாவில் இத்தகைய பலவீன அடுக்குகளை அவை மூடப்பட்ட திகதியால் அழைப்போம். நவம்பரின் பிந்திய வாரத்தில் மூடப்பட்ட அடுக்கு பெப்ரவரிப் பனிச்சரிவு அறிக்கையிலும் அதே திகதியோடு வரும். புயலின் ஒழுங்கும் இங்கே முக்கியம். சூடாகத் தொடங்கிக் குளிர்ந்து முடிந்தால் கனமானது கீழே, இலேசானது மேலே. மலை நிம்மதியாக இருக்கும். குளிரில் தொடங்கிச் சூடாகி முடிந்தால் இலேசான பனியின் தலையில் பாரம் ஏறும். ரோந்துக் குழு வெடிமருந்தோடு விடியுமுன் புறப்பட வேண்டும். ஆகவே என் காலை அறிக்கையில் மொத்த அளவுக்கு முன்னால் வெப்பநிலை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை எழுதுவேன். அதைத்தான் அவர்கள் முதலில் வாசிக்கிறார்கள்.

நூறு மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 பாகை குறையும். திருப்பிப் போட்டால், காற்று ஒரு பாகை சூடேறும்போது உறைமட்டம் 150 மீற்றரளவு மேலே போகிறது. உச்சியில் இருப்பவருக்கு அது தெரியாது. 675 மீற்றரில் இருக்கும் கிராமத்துக்கும் அதற்கு மேலுள்ள முதல் முந்நூறு மீற்றருக்கும் அதுதான் வாழ்வும் சாவும். காலநிலை மாற்றம் என்று பொதுவாகப் பேசப்படுவது எனக்கு அந்த முந்நூறு மீற்றரில்தான் தெரிகிறது. சீசன் தொடங்கும்போது கிராமம்வரை சறுக்கி வந்து இறங்க முடியாமல் மக்கள் கொண்டோலாவில் திரும்ப இறங்கும் நாட்களைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது.

வன்கூவர்ப் பக்கம் சறேயிலும் பேர்ணபியிலும் இருக்கும் நம் ஆட்கள் கார்த்திகை பிறந்ததும் எனக்கு அழைப்பார்கள். பிள்ளைகள் முதல்முறை ஸ்கீ பார்க்க ஆசைப்படுவார்கள். போன குளிர்காலத்துக்கு முன்னும் ஒரு தம்பி கேட்டார்.

"அண்ணை, கிறிஸ்மஸ் லீவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாமோ? ஸ்னோ இருக்குமோ?"

"மேல இருக்கும் தம்பி. கீழ இருக்குமோ எண்டு இப்ப சொல்லேலாது. பிள்ளையளுக்குப் பழக்கிற இடம் நடுமலையிலயும் இருக்கு. அங்க போற மாதிரிப் பாருங்கோ."

"அப்ப 27ஆம் திகதிக்கு றூம் போடட்டோ?"

"போடுங்கோ. ஆனா பிறகு வேண்டாமெண்டாக் காசு திரும்பிற மாதிரிப் போடுங்கோ. 23ஆம் திகதி இரவு எனக்கு ஒருக்கா எடுங்கோ, அப்ப உறைமட்டம் எங்க நிக்குதெண்டு சொல்லுவன். ஒக்டோபர் முதலாம் திகதியிலயிருந்து மார்ச் முடியுமட்டும் இந்த றோட்டில விண்டர் டயர் இல்லாமல் ஏறேலாது. உங்கட வானுக்குப் போட்டாச்சோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"அதை முதல்ல செய்யுங்கோ."